நீல மீனின் வெள்ளைப் புள்ளிகள்

அத்தியாயம் 9

காலை ஆறேகாலுக்குக் கூடத்திலிருந்து "ஐயோ" என்று ஒரு குரல் கேட்டதும், இளமதி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

வைஷ்ணவி கண்ணாடித் தொட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். தலைகூட வாரவில்லை. கையிலிருந்த செல்போன் டார்ச் வெளிச்சம் தொட்டிக்குள் பாய்ந்து, பாறைகளுக்கு நடுவில் நின்ற நீல மீனின் மேல் விழுந்திருந்தது.

மீனின் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். ரவையை எடுத்துத் தூவிவிட்டது போல இருந்தது.

"பட்டாணிக்கும் வந்திருச்சு," என்றாள் வைஷ்ணவி, திரும்பிப் பார்க்காமலே. "முறுக்குக்கு ரெக்கையில மட்டும். நேத்து பாத்துட்டுத்தானே படுத்தேன், ஒண்ணுமே இல்லையே!"

பட்டாணியும் முறுக்கும் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். மூன்று வருடமாக இந்தத் தொட்டியில் இருப்பவை. நீல மீன் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

இளமதி குனிந்து பார்த்தாள். நீல மீன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. செவுள் படபடவென்று அடித்தது.

அறந்தாங்கியில் அந்த வீட்டில் இவர்கள் இருவரும் மட்டும் வாழத் தொடங்கி மூன்று மாதமாகிறது. வைஷ்ணவியின் அப்பா குணசேகரன் பஹ்ரைனில் ஏ.சி. மெக்கானிக். முதல் மனைவி செல்வராணி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். பிப்ரவரியில் லீவில் வந்து இளமதியைக் கல்யாணம் செய்துகொண்டவன், முப்பத்தைந்தாம் நாள் விமானம் ஏறிவிட்டான். இளமதிக்கு முப்பத்தாறு வயது. முதல் கல்யாணம் முறிந்து பத்து வருடம் தனியாக இருந்தவள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன் வேலை.

வைஷ்ணவிக்குப் பதினாலு வயது. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, ஒன்பதாம் வகுப்பு. அவள் இளமதியிடம் முகம் கோணியதும் இல்லை, முகம் கொடுத்ததும் இல்லை. எந்த முறை வைத்தும் கூப்பிட மாட்டாள். "சாவி எங்க இருக்கு?", "சாப்பாடு ஆச்சா?" என்று கேள்விகள் பொதுவாக வரும். பதில் சொன்னால் தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

ஒரு வாரத்துக்கு முன்னால் செல்வராணியின் தம்பி ரகுநாத் போனில் கேட்டது இளமதிக்குள் உறுத்திக்கொண்டேயிருந்தது. "ஸ்கூல் தொறந்ததும் பாப்பாவை எங்க வீட்டுக்கே அனுப்பிருங்க. மணமேல்குடியிலயே படிக்கட்டும்." அதற்கு வைஷ்ணவி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அந்த ரகுநாத்துக்குத்தான் இப்போது வைஷ்ணவி போன் போட்டாள். மணமேல்குடிக்குப் பக்கத்தில் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை செய்பவர் அவர். அக்கா இறந்த வருடம், பேச்சே நின்றுபோயிருந்த மருமகளுக்காகக் கடல் தண்ணீரும் பாறையும் கொண்டுவந்து இந்தத் தொட்டியை அமைத்துக் கொடுத்தவர். குணசேகரனின் இரண்டாம் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் மாதம் ஒரு முறை தண்ணீர்க் கேனைக் கேட்டோடு இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "புள்ளி எப்படி இருக்கு பாப்பா? ரவை மாதிரியா, மாவு பூசுன மாதிரியா?"

"ரவை மாதிரி மாமா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. மாவு மாதிரின்னா அது வேற சீக்கு. பொழுது சாயறதுக்குள்ள மொத்தத்தையும் முடிச்சிரும். ரவைன்னா நமக்குக் கொஞ்சம் டயம் இருக்கு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற."

வைஷ்ணவி மறுபடி டார்ச் அடித்தாள். "தெரியலையே மாமா. ரெண்டு மாதிரியும் தெரியுது."

இளமதி போனுக்குப் பக்கத்தில் வந்தாள். "அண்ணே, லேப்ல மைக்ராஸ்கோப் இருக்கு. மீன் மேல லேசா வழிச்சு எடுத்துப் பாத்தா எந்தப் பூச்சின்னு தெரிஞ்சிரும்."

மறுமுனையில் காற்று இரைச்சலும் ஏதோ மோட்டார் ஓடும் சத்தமும் மட்டும் கேட்டன.

"சரி. பாத்துச் சொல்லுங்க," என்றார் ரகுநாத். "நான் தண்ணி ஏத்திக்கிட்டு வாரேன்."

ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் பட்டாணியை விட்டார்கள். வைஷ்ணவி ஈரக் கையால் மீனை அணைத்துப் பிடித்தாள். இளமதி மெல்லிய கண்ணாடிச் சில்லை மீனின் பக்கவாட்டில் வைத்துத் தலையிலிருந்து வால் பக்கமாக ஒரே இழுப்பாக இழுத்தாள். தினமும் முப்பது பேருக்கு ஊசி குத்துகிற கை. மீன் ஒரு துள்ளுகூடத் துள்ளவில்லை.

"வலிச்சிருக்குமா?" என்று வைஷ்ணவி கேட்டாள்.

"லேசா. நெகம் கீறுன மாதிரி இருக்கும்."

ஈரம் காயாமல் சில்லை ஒரு டிபன் டப்பாவில் வைத்து மூடினார்கள். ஸ்கூட்டரில் வைஷ்ணவி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கறிக்கடை வாசல்களில் எல்லாம் கூட்டம். ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியபோது வைஷ்ணவியின் கை இளமதியின் தோளைப் பிடித்தது. தடை தாண்டியதும் எடுத்துக்கொண்டது.

இப்படி ஒரு காலையை இளமதி மூன்று மாதமாக எதிர்பார்த்திருந்தாள். ஆனால் வந்த விதம்தான் அவளைத் தின்றது.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும்.

மே மாதம் வைஷ்ணவி இருபது நாள் லீவுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். ஜூன் இரண்டாம் தேதி அவளுக்குப் பிறந்தநாள். செல்போனில் அந்த நீல மீன் படத்தை அவள் பலமுறை பார்த்துக்கொண்டிருந்ததை இளமதி கவனித்திருந்தாள். திருச்சிக்குப் போய், ஒரு பெரிய கடையில் அந்த மீனை வாங்கி, பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள்.

புது மீன் வந்தால் ஒரு மாதம் தனித் தொட்டியில் வைக்க வேண்டும் என்று வைஷ்ணவி எப்போதோ பொதுவாகச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. தனியாகத்தான் வைத்தாள். ஒரு நீல பிளாஸ்டிக் டப்பில், தன் அறையில். மீன் இரை எடுக்கவில்லை. டப்பின் ஓரத்தில் முட்டி முட்டி நின்றது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆறாம் நாள் பெரிய தொட்டியில் விட்டுவிட்டாள். விடும்போது வாலில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. மணல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாள்.

ஊரிலிருந்து திரும்பிய வைஷ்ணவி தொட்டியைப் பார்த்துக் கண் விரிய நின்றுவிட்டு, "ஒரு மாசம் தனியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே வாங்கி லேப்ல வச்சிருந்தேன்," என்று இளமதி சொன்னாள். எதற்காக அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்கு வைஷ்ணவி சிரித்தாள். அந்த வீட்டில் இளமதி பார்த்த முதல் சிரிப்பு அது.

லேப் ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போனார்கள். இளமதி விளக்கைப் போட்டு, மைக்ராஸ்கோப்பில் சில்லை வைத்துத் திருகைத் திருப்பினாள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து ஸ்டூலை விட்டுக்கொடுத்தாள்.

"பாரு."

வைஷ்ணவி கண்ணை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை போல. இளமதி அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் திருகைக் கொஞ்சம் சரிசெய்தாள்.

"சுத்துது!" என்றாள் வைஷ்ணவி.

"ஆமா."

"உருண்டையா இருக்கு. ஓரமெல்லாம் முடி மாதிரி."

"அந்த முடியாலதான் நீந்தும். மாமா சொன்ன ரவைச் சீக்குதான் இது. மாவு மாதிரி வர்றது இவ்வளவு பெருசா இருக்காது. நமக்கு டயம் இருக்கு."

வைஷ்ணவி கண்ணை எடுக்கவில்லை. அந்த உருண்டை, அவசரமே இல்லாமல், மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. இவ்வளவு அமைதியாக ஒன்று உயிரைக் குடிக்குமா என்று தோன்றும்.

திடீரென்று அவள் தோள் குலுங்கியது.

"நான்தான் கொண்டாந்தேன்," என்றாள்.

"என்னது?"

"மாமா ஊருக் கடக்கரையில ஒரு கல்லு எடுத்தேன். வெள்ளையா, ஓட்டை ஓட்டையா, அழகா இருந்துச்சு. வந்த அன்னைக்கே தொட்டியில போட்டுட்டேன். காய வச்சுப் போடணும்னு மாமா சொல்லியிருக்காங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டேன்." அவள் மைக்ராஸ்கோப்பை விட்டு விலகி, கண்ணைப் பொத்திக்கொண்டாள். "பட்டாணி செத்துச்சுன்னா நான்தான் காரணம்."

இளமதி அசையாமல் நின்றாள். இப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். அந்தப் பெண்ணே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கையில் வைத்திருக்கிறாள். தலையைத் தடவி, 'பரவாயில்லடா' என்று சொன்னால், மூன்று மாதமாகக் கிடைக்காதது இந்த நிமிடமே கிடைத்துவிடும்.

அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"வைஷ்ணவி, என்னையப் பாரு. கல்லுல வரல. நான் விட்ட நீல மீன்ல வந்துச்சு."

"அது ஒரு மாசம் லேப்ல..."

"லேப்ல வைக்கல. நீ ஊருக்குப் போனப்புறம்தான் வாங்கினேன். ஆறு நாள்தான் தனியா வச்சிருந்தேன்."

வைஷ்ணவி கையை முகத்திலிருந்து எடுத்தாள். "ஆறு நாளா?"

"ஆறு நாள். விடும்போதே வாலுல ரெண்டு புள்ளி இருந்துச்சு. மணல்னு நெனச்சேன்."

"அன்னைக்கு நான் கேட்டேனே?"

"கேட்ட. பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

இளமதி மறைக்காமல் சொன்னாள். "நீ வந்து கதவைத் தொறந்து பாக்கும்போது அது தொட்டியில நீந்தணும்னு ஆசைப்பட்டேன். ஒனக்குப் பிடிச்ச ஒண்ணை நான் குடுக்கணும்னு ஆசைப்பட்டேன். நீ கேட்டதும், இவளுக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சிருவியோன்னு பயந்துட்டேன்."

வைஷ்ணவி எழுந்தாள். டிபன் டப்பாவை எடுத்து மூடினாள். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டாள். வீடு வரும்வரை வேகத்தடைகளில் அவள் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு ரகுநாத்தின் குட்டியானை வண்டி கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. பின்னால் பன்னிரண்டு கேன், ஒரு பெரிய டப், காற்று மோட்டார். அவர் இறங்கி, வழக்கம்போல முதல் கேனைக் கேட் ஓரத்தில் வைத்தார். அப்புறம் மீதிக் கேன்களைப் பார்த்தார். வீட்டு வாசலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

இளமதி வழி விட்டு ஒதுங்கி நின்றாள். "வாங்கண்ணே."

அவர் தலையை மட்டும் அசைத்தார். தொட்டி முன் உட்கார்ந்து மீன்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார்.

"ரவைச் சீக்குதான். மைக்ராஸ்கோப்ல என்ன தெரிஞ்சிச்சு?"

"உருண்டையா, முடியோட, மெதுவாச் சுத்திச்சு மாமா," என்றாள் வைஷ்ணவி.

"அதேதான்." அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். "கேட்டுக்க பாப்பா. இது மீனோட தோலுக்குள்ள உக்காந்திருக்கும் வரைக்கும் எந்த மருந்தும் தொடாது. உப்பில்லாத நல்ல தண்ணியில முக்கினாலும் சாகாது. தின்னு முடிச்சிட்டு அதுவாக் கீழ விழுந்து, அடியில ஒட்டிக் கூடு கட்டும். அது வெடிச்சா ஒண்ணு எரநூறு, முன்னூறாக் கெளம்பி மறுபடி மீனைத் தேடும். கூடு வெடிக்கக் கொறஞ்சது மூணு நாளாவது ஆகும். அந்த மூணு நாள்தான் நமக்கு இருக்கிற வழி. மூணு நாளுக்கு ஒரு தடவை மீனைப் புது டப்புக்கு, புதுத் தண்ணிக்கு மாத்திக்கிட்டே போனா, விழுந்ததெல்லாம் பழைய டப்போட போயிரும். இன்னைக்குச் சேத்து அஞ்சு தடவை மாத்தணும்."

"இந்தத் தொட்டி?"

"ரெண்டரை மாசம் மீனே இல்லாமக் கெடக்கட்டும். தேடிப் பாத்துட்டுப் பட்டினியில செத்துரும்." அவர் தொட்டியைச் சுற்றி வந்தார். "எப்படி வந்துச்சு இது? மூணு வருசமா ஒரு சீக்கு அண்டலையே."

வைஷ்ணவி தரையைப் பார்த்தபடி, "கல்லு போட்டேன் மாமா. கடக்கரையில எடுத்த கல்லு. அதுல வந்திருக்கும்," என்றாள்.

இளமதி சட்டென்று அவளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இல்லண்ணே," என்றாள் இளமதி. "நான் வாங்கின நீல மீன்ல வந்துச்சு. ஒரு மாசம் தனியா வைக்காம ஆறு நாள்ல எடுத்து விட்டுட்டேன். பாப்பாகிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன். பாப்பா மேல தப்பில்ல."

ரகுநாத் அவள் பக்கம் திரும்பினார். கழுத்தில் நரம்பு புடைத்தது.

"எங்கக்கா போனப்புறம் எட்டு மாசம் இந்தப் பிள்ளை யாரோடயும் பேசல. ஒங்களுக்குத் தெரியுமா அது? இந்தத் தொட்டி முன்னாடி உக்காந்துதான் மொத வார்த்தை பேசுச்சு. அதுல கொண்டாந்து... விசாரிச்சுச் செய்ய வேண்டியதுதானே? ஒரு போன் போட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

"போட்டிருக்கணும்ணே."

"இதுக்குத்தான் சொல்றேன், பாப்பா எங்ககூட இருக்கட்டும்னு. நீங்க நல்லவுகளா இருக்கலாம். ஆனா ஒங்களுக்குத் தெரியல."

இளமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்று டப்பை இழுத்துக் கழுவப் போனாள்.

"மாமா," என்றாள் வைஷ்ணவி. "மொதல்ல மீனை மாத்துவோம்."

டப்பில் கடல் தண்ணீரை நிரப்பினார்கள். ரகுநாத் ஒரு சொட்டை எடுத்துக் கருவியில் வைத்து உப்பு எவ்வளவு என்று பார்த்தார். ஒளிந்துகொள்வதற்காகப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை உள்ளே போட்டார். காற்று மோட்டார் குமிழிவிடத் தொடங்கியது.

பட்டாணியும் முறுக்கும் சுலபமாக வந்துவிட்டன. வைஷ்ணவி இரை போடும் டப்பாவைத் தண்ணீருக்குள் நீட்டியதும் இரண்டும் தாமாகவே உள்ளே நுழைந்தன.

நீல மீன் வரவில்லை. பாறைகளுக்கு நடுவே ஒரு பொந்துக்குள் போய்ச் செருகிக்கொண்டது. வெளிச்சம் அடித்தால் இன்னும் உள்ளே போனது.

"அதைப் பிடிக்கணும்னா பாறை எல்லாத்தையும் கலைக்கணும்," என்றார் ரகுநாத். "வேணாம். அது மூச்சு வாங்கறதைப் பாத்தா தேறாது போலருக்கு. கடைசியில செத்ததும் எடுத்துக்கலாம். அந்த ரெண்டரை மாசக் கணக்கை அப்பறமா ஆரம்பிச்சுக்கலாம்."

அந்தப் பாறைகளை மூன்று வருடத்துக்கு முன்னால் மாமாவும் மருமகளும் இரண்டு நாள் உட்கார்ந்து அடுக்கினார்கள். எந்தக் கல் எதன்மேல் என்று வைஷ்ணவிதான் கைகாட்டினாள். அதற்கப்புறம் யாரும் தொட்டதில்லை. ஊதா நிறப் பாசி கல்லோடு கல்லை ஒட்டி வளர்ந்திருந்தது.

வைஷ்ணவி சட்டைக் கையை மடித்தாள். மேல் கல்லை எடுத்தாள்.

"பாப்பா?"

"அதுவும் வரணும் மாமா."

"அது கொண்டாந்த சீக்குடா இது."

"வேணும்னேவா கொண்டாந்துச்சு?" என்றாள் வைஷ்ணவி. கல்லை வாளிக்குள் வைத்தாள். "அதுக்கே தெரியாம ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அதுக்குத்தான் இப்ப ரொம்ப முடியல."

ரகுநாத் குனிந்து இன்னொரு வாளியை அவள் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு கல்லாக வெளியே வந்தது. பாசி பிய்ந்தபோது மெல்லிய சத்தம் கேட்டது. தண்ணீர் கலங்கிப் பழுப்பாயிற்று. இளமதி வாளிகளை மாற்றிக் கொடுத்துக்கொண்டேயிருந்தாள். ஒரு மணி நேரத்தில் தொட்டி வெறும் மணலாகிவிட்டது. கடைசிக் கல்லைத் தூக்கியபோது நீல மீன் மூலைக்கு ஓடியது.

வைஷ்ணவி ஒரு பக்கம் டப்பாவை நீட்ட, இளமதி மறுபக்கம் கையைவிட்டு மீனை மெல்ல அந்தப் பக்கம் ஒதுக்கினாள். மீன் திரும்பி வாலை ஒரு வெட்டு வெட்டியது.

"ஸ்ஸ்!"

தண்ணீரில் ஒரு கோடு ரத்தம் கரைந்தது. வால் ஓரத்தில் கத்தி போன்ற ஒரு முள் அந்த மீனுக்கு உண்டு. இளமதி கையை எடுக்கவில்லை. "பிடி, பிடி, உள்ள போயிருச்சு," என்றாள். வைஷ்ணவி டப்பாவை மூடி, அலுங்காமல் எடுத்துப் போய் டப்புக்குள் இறக்கினாள்.

மீன் சாய்ந்து நின்றது. பிறகு ஒரு குழாய்க்குள் நுழைந்து தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. மூன்று பேரும் டப்பைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். செவுள் அடித்துக்கொண்டேயிருந்தது. ஆனால் அடித்தது.

நிமிர்ந்த வைஷ்ணவியின் பார்வை இளமதியின் கையில் நின்றது. ஆள்காட்டி விரல் வீங்கத் தொடங்கியிருந்தது.

"எரியுதா?"

"லேசாத்தான்."

வைஷ்ணவி அடுப்படிக்குள் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடத்தில் ஒரு சொம்பில் வெந்நீரோடு வந்தாள். தன் விரலை முதலில் விட்டுச் சூடு பார்த்தாள்.

"இதுக்குள்ள விரலை வைங்க. அந்த முள்ளுல வெசம் இருக்கும். சூட்டுலதான் எறங்கும்." கொஞ்சம் தயங்கினாள். "தாங்க முடியாமச் சுட்டா சொல்லுங்க."

இளமதி நாற்காலியில் உட்கார்ந்து விரலை வெந்நீரில் வைத்தாள். வைஷ்ணவி கீழே உட்கார்ந்து சொம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆறிப்போனதும் எழுந்துபோய் மறுபடி சுட வைத்துக் கொண்டுவந்தாள். மூன்று முறை.

ரகுநாத் வாளிகளில் இருந்த கற்களைத் தொட்டிக்குள் திரும்ப வைத்துக்கொண்டே இதை ஓரக்கண்ணால் பார்த்தார். வேலை முடிந்ததும் கையைத் துடைத்தபடி, "ஒரு சொம்பு தண்ணி கிடைக்குமா?" என்றார்.

இளமதி எழப் போனாள்.

"நீங்க இருங்க," என்றார் அவர். "பாப்பா, நீ கொண்டா." பிறகு இளமதியைப் பார்க்காமல், "விரல் சாயந்தரம் வரைக்கும் வலிக்கும். ராவுக்கும் கொறையலன்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க," என்றார்.

கிளம்பும்போது கேட் வரை இளமதி கூடப் போனாள். அவர் வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"காலையில சத்தமாப் பேசிட்டேன்," என்றார். "ஆனா கேட்டது கேட்டதுதான். பாப்பா எங்கிட்டு இருக்கணும்னு பாப்பாதான் சொல்லணும். நான் இழுக்கல, நீங்களும் பிடிச்சு வைக்காதீங்க."

"சரிண்ணே."

"புதன்கிழமை அடுத்த தண்ணியோட வாரேன்."

மாலையில் வெயில் தணிந்தது. கூடம் முழுக்க உப்பு வாடை. நனைந்த தரையைத் துடைத்துவிட்டு இளமதி டப்பின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வைஷ்ணவி பொடித்த இறாலைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டாணி தின்றது. முறுக்கு தின்றது. நீல மீன் குழாயைவிட்டு வரவில்லை. ஒரு துணுக்கு அதன் வாய்க்கு முன்னால் மிதந்து போனபோது திறந்து மூடியது. பிடித்ததா, தவறவிட்டதா தெரியவில்லை.

"தின்னுச்சு," என்றாள் வைஷ்ணவி.

"தின்னுச்சா?"

"ஆமா. நான் பாத்தேன்." பிறகு, டப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு இன்னும் கோவம் இருக்கு."

"இருக்கட்டும்," என்றாள் இளமதி.

"கல்லைப் பத்தி நான் சொன்னப்பவே பேசாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம். அப்பறம் நீ ஆயுசுக்கும் அந்தக் கல்லை நெனச்சுக்கிட்டே இருப்ப."

வைஷ்ணவி டப்பின் விளிம்பில் ஒட்டியிருந்த இறால் தூளை விரலால் தண்ணீருக்குள் தட்டிவிட்டாள்.

போன் அடித்தது. பஹ்ரைனிலிருந்து குணசேகரன். டீ நேரத்தில் கூப்பிடுவான். வைஷ்ணவி போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். போகிற போக்கில் மேஜையைக் காட்டி, "அந்தப் பச்சை நோட்டை எடுத்து மூணு மீனும் எப்படி இருக்குன்னு எழுதி வைங்க. மணியும் போடுங்க. மாமா கேப்பாங்க," என்றாள்.

அந்த நோட்டைத் தொட அவள் யாரையும் விட்டதில்லை. இளமதி வலிக்காத கையால் அதை எடுத்துப் பிரித்தாள். மூன்று வருடத்து எழுத்து. தண்ணீர் மாற்றிய நாள், உப்பின் அளவு, இரை எடுத்தது, எடுக்காதது. வெற்றுப் பக்கத்தைத் தேடித் தள்ளியபோது நாலாக மடித்த ஒரு தாள் விரிந்து மடியில் விழுந்தது.

எடுத்து வைக்கத்தான் நினைத்தாள். ஆனால் முதல் வரி கண்ணில் பட்டுவிட்டது.

'மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு, நான் மணமேல்குடியில் என் மாமா வீட்டில் தங்கிப் படிக்க விரும்புவதால் எனக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு...'

வைஷ்ணவியின் எழுத்து. அடித்தல் திருத்தல் இல்லாமல், மார்ஜின் போட்டு, நிதானமாக எழுதப்பட்டிருந்தது. மேலே தேதி இருந்தது. நாளைய தேதி.

இளமதியின் விரலில் மறுபடி எரிச்சல் ஏறியது. தாளைக் கையில் வைத்தபடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். வைஷ்ணவி முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாப்பா, மூணுக்கும் சொகமில்ல... இல்லப்பா, மாமா வந்து தண்ணி குடுத்துட்டுப் போனாங்க... எப்படி வந்துச்சா? அது வந்துச்சுப்பா. விடுங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நாங்க பாத்துக்கிறோம்."

அப்பாவுக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. சரி, சரி என்று சொல்லியிருப்பான். இளமதி மட்டும் அந்த 'நாங்க'வைக் கேட்டாள். கையில் இந்தத் தாள், காதில் அந்தச் சொல். எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் வாயெடுத்தாள். பிடித்து வைக்காதீங்க என்று ரகுநாத் சொன்னதில் நியாயம் இருந்தது. பாப்பாதான் சொல்லணும்.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இருந்த பக்கத்திலேயே வைத்தாள். அடுத்த வெற்றுப் பக்கத்தைப் பிரித்தாள். பேனாவை வீங்கிய விரலில் பிடிக்க முடியாமல் நடுவிரலில் இடுக்கிக்கொண்டு, கோணல் மாணலாக எழுதினாள்:

'ஞாயிறு, மாலை 5.40. முதல் டப். பட்டாணி, முறுக்கு இரை எடுத்தன. நீல மீன் ஒரு துணுக்கு எடுத்ததாக வைஷ்ணவி பார்த்தாள். மூன்றும் உயிரோடு இருக்கின்றன.'